கடிகாரம் சொல்லாத கணக்கு

கடைத்தெருவில் நம் பெண்மணிகளுக்கு நிகரான பரீட்சை அதிகாரிகள் யாரும் இல்லை. வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். முருங்கைக்காய் என்றால் முறுக்கிப் பார்ப்பார்கள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, தண்ணீர் எவ்வளவு என்று கேட்பார்கள். கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி, தங்கள் விரலும் காதும் சொல்வதைத்தான் நம்புவார்கள்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அவள் எப்படி ஓடுகிறாள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஐந்தாறு வருஷம் கழித்து எப்படி ஓடுவாள் என்பதை எதை ஒடித்து, எதை முறுக்கி, எதை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு மதுரையில் ஒரு பயிற்சியாளர் காரியத்தில் பதில் காட்டினார். அந்தப் பதில் சக்கிமங்கலத்தில் தொடங்கி டோக்கியோ வரை போயிற்று.

சக்கிமங்கலத்துப் பெண்

மதுரை நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊர் சக்கிமங்கலம். 1998-ஆம் ஆண்டு பிறந்த ரேவதி வீரமணி அந்த ஊர்ப் பெண். விவரம் தெரியாத வயதிலேயே தந்தையை இழந்தார். சில மாதங்களுக்குள் தாயையும் இழந்தார். ரேவதியையும் தங்கையையும் வளர்க்கும் பொறுப்பு தாய்வழிப் பாட்டியின் தலையில் விழுந்தது. பாட்டிக்கு இருந்த ஆஸ்தி இரண்டு கைகள். வயல் வேலைக்கும் செங்கல் சூளை வேலைக்கும் போய், வந்த கூலியில் இரண்டு குழந்தைகளுக்கும் கஞ்சி வார்த்தார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? "பெண்களையும் வேலைக்கு அனுப்பினால் உனக்குப் பாரம் குறையுமே" என்று சொன்னவர்கள் உண்டு. பாட்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ரேவதியின் கதையில் முதல் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், அந்த அம்மாளைத்தான் சொல்ல வேண்டும்.

ரேவதி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த சமயம். பள்ளிகளுக்கிடையே நடந்த மண்டலப் போட்டியில் ஓடினார். காலில் பூட்ஸ் கிடையாது, வெறுங்கால். அந்த ஓட்டத்தைக் கவனித்தவர்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் கண்ணனும் ஒருவர். இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

அந்த 'ஏதோ' என்ன? அதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

ஒரே நேரம், இரண்டு அர்த்தம்

ஓட்டக்காரர்களை எடை போடும் தராசு கடிகாரம். அதை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது எவ்வளவு வித்தியாசத்தில் தெரியுமா? ஒரு விநாடியை நூறாகப் பங்கு போட்டால், அதில் ஒரே ஒரு பங்கு! நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் அப்படிப் பத்துப் பங்காவது ஓடிப்போய்விடும்.

கடிகாரம் அவ்வளவு கறார். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எவ்வளவு நேரம் என்று சொல்லும். என்ன வசதியை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஓடினார்கள் என்று சொல்லாது.

இரண்டு பெண்கள் நூறு மீட்டர் தூரத்தை 13 விநாடியில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு ஆணி பதித்த ஓட்டக் காலணி இருக்கிறது. மூன்று வருஷமாகப் பயிற்சி. காலையில் முட்டை, இரவில் பால். இன்னொருத்திக்குக் காலணி இல்லை, பயிற்சி இல்லை. பழையதும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு ஓட வந்தவள். கடிகாரத்துக்கு இருவரும் ஒன்றுதான். அனுபவப்பட்ட கண்ணுக்கு ஒன்றல்ல. முதல் பெண்ணுக்குப் பயிற்சியும் போஷாக்கும் தரக்கூடியதில் பெரும் பகுதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இரண்டாவது பெண்ணுக்கு அவ்வளவும் இனிமேல்தான் கிடைக்க வேண்டும். அதாவது, அவள் கணக்கில் இன்னும் எடுக்காத பணம் இருக்கிறது.

இதைச் சொன்னவுடன், 'ஏழைக் குழந்தை என்றால் நன்றாக ஓடும்' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வறுமை யாரையும் ஓட்டக்காரி ஆக்குவதில்லை. இருக்கிற ஓட்டக்காரியை மறைத்துத்தான் வைக்கிறது. மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் தேர்ந்த கண் வேண்டியிருக்கிறது.

அந்தக் கண் வேறு சில சங்கதிகளையும் பார்க்கும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுகிறதா, அல்லது முன்னால் நீட்டி விழுந்து வேகத்தைத் தானே தடுக்கிறதா? தலை ஆடுகிறதா? பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, தோளை உயர்த்தி ஓடுகிறாளா? அப்படியானால் காலுக்குப் போக வேண்டிய பலம் வீணாகிறது. முக்கியமாக, கடைசி இருபது மீட்டர். அந்த இடத்தில் உலகத்தின் மகா வேகக்காரர்களுக்கும் வேகம் குறையத்தான் செய்யும். குறைவாகக் குறைகிறவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதான். முதலில் வருகிறவளை ஊரே பார்க்கும். நாலாவதாக வந்தாலும் நடை குலையாமல் வருகிறவளைப் பயிற்சியாளர் பார்ப்பார்.

உஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் கண்ணூர் விளையாட்டுப் பள்ளிக்கு வந்தபோது அவர் சிறுமி. பயிற்சியாளர் ஓ. எம். நம்பியார் கண்ணில் முதலில் பட்டவை அந்தச் சிறுமியின் மெலிந்த உடல்வாகும் விறுவிறுப்பான நடையும்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஓட்டத்தை அல்ல, நடையைப் பார்த்திருக்கிறார்!

பதின்மூன்றும் பதினேழும்

வயது இன்னொரு சிக்கல். பதின்மூன்று வயதுக் குழந்தைகளின் பந்தயத்தில் பரிசை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் வளர்ந்துவிட்ட குழந்தைகள். அவர்களுடைய உயரமும் பலமும் வயதுக்கு முந்திக்கொண்டு வந்திருக்கின்றன. மற்றக் குழந்தைகள் பதினாறு, பதினேழில் வளர்ந்து எட்டிப் பிடிக்கும்போது, பழைய சாம்பியன் திடீரென்று காணாமல் போய்விடுவார். ஆகவே அனுபவமுள்ளவர்கள், சிறு வயதில் வாங்கிய கோப்பைகளை எண்ணுவதைவிட, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எவ்வளவு முன்னேற்றம் என்பதையே எண்ணுவார்கள்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பருவம் அடைகிற வயதில் உடம்பின் எடையும் அமைப்பும் மாறுகின்றன. ஒரு வருஷம், இரண்டு வருஷம் நேரம் குறையாமல் அப்படியே நிற்கலாம்; கொஞ்சம் கூடவும் செய்யலாம். இது இயற்கை. தெரியாதவர்கள், "இவ்வளவுதான் இவள்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெண்ணும் அதை நம்பிவிடுகிறாள். உடம்பு புது அளவுக்குப் பழகிய பிறகு வேகம் திரும்பி வரும் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இரத்தச் சோகையும் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச் சோகை. தமிழ்நாடும் இதற்கு விலக்கு அல்ல. பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது இரத்தம். அதில் இரும்புச் சத்து குறைந்தால், நல்ல ஓட்டக்காரியும் பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பாள். மைதானத்தில் அதற்குச் 'சோம்பல்' என்று பெயர் வைத்துவிடுவார்கள்! சோர்ந்து போகிற பெண்ணைத் திட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. கீரை, கேழ்வரகு, பயறு, வேர்க்கடலை இவற்றை வழக்கமாகக் கொடுக்கலாம். சாப்பிடுகிறவர்களானால் முட்டையும் மீனும் சேர்க்கலாம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டோடு காப்பியும் தேநீரும் குடித்தால் அது தடைப்படும். ஆகவே நம் பிரியமான காப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

அமெரிக்கர்களும் ஏமாந்தார்கள்

இளம் பிள்ளைகளை எடை போடும் வித்தையை ஒரு தொழிலாகவே நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான 'பேஸ்பால்' என்று ஓர் ஆட்டம் உண்டு. பெரிய சங்கங்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பள்ளிப் பையன்களைப் பார்த்து வரச் சொல்கின்றன. மைதானத்தின் வெளி வட்டத்தில் நின்று பந்து பிடிக்கும் பையனானால் ஐந்து அம்சங்களைப் பார்ப்பார்கள்: பந்தை மட்டையில் வாங்குவது, பலமாக அடிப்பது, ஓட்டம், எறிகிற கை, பந்து பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மார்க்கு. தேர்வானவர்களைச் சிறிய சங்கங்களில் வருஷக்கணக்கில் பழக்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய ஆட்டத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை.

1980-ல் நியூயார்க் மெட்ஸ் சங்கம் அப்படிப்பட்ட இரண்டு பையன்களை முதல் சுற்றிலேயே எடுத்தது. ஒருவர் டாரில் ஸ்ட்ராபெரி. மற்றவர் பில்லி பீன். ஐந்து அம்சங்களும் பொருந்தியவர் என்று பீனைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆள் பார்க்கவும் லட்சணம். முடிவு என்ன? ஸ்ட்ராபெரி பெரிய நட்சத்திரமானார். பீன் பெரிய ஆட்டங்களில் மொத்தம் 148 தடவைதான் ஆடினார், சோபிக்கவில்லை. உடம்பில் இருந்த திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தோல்வியை உதறிவிட்டு அடுத்த பந்தைச் சந்திக்கும் சுபாவம் அவருக்கு வாய்க்கவில்லை. அதற்கு மார்க்குப் போடப் பட்டியலில் இடமே இல்லை! பிற்காலத்தில் ஓக்லண்டு சங்கத்தின் நிர்வாகியான பீன், தோற்றத்தை நம்பாமல் ஆட்டத்தின் பலன்களைக் கணக்கெடுத்து ஆட்களைச் சேர்த்துப் பெயர் பெற்றார்.

நம் நாட்டுப் பையன்கள் இருவருக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. 2008-ல், யார் வேகமாகப் பந்து எறிகிறார்கள் என்று இந்தியாவில் ஒரு போட்டி வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர் அமெரிக்கா போனார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே அதற்கு முன் தெரியாதவர்கள். பிட்ஸ்பர்க் சங்கம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஆனால் இருவரும் சிறிய சங்கங்களைத் தாண்டவில்லை. கையின் வேகம் என்ற ஒன்றை மட்டும் அளந்து எடுத்ததால், மற்றதையெல்லாம் பிறகு தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

பாட்டியின் தீர்ப்பு

மதுரைக்குத் திரும்புவோம். கண்ணன் ரேவதியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் பாட்டி தேர்ந்தெடுக்க வேண்டுமே!

பாட்டிக்கு முதலில் சம்மதம் இல்லை. இதில் தவறு காண என்ன இருக்கிறது? தாய் தந்தை இல்லாத பெண். அறிமுகமில்லாத ஒருவர் வந்து, "இவளை அனுப்புங்கள், ஓட்டம் கற்றுக்கொடுக்கிறேன்" என்கிறார். எங்கே போவாள், யாரோடு தங்குவாள், எப்போது திரும்புவாள்? ஓடினால் சோறு கிடைக்குமா? இந்தக் கேள்விகள் எந்த வீட்டிலும் எழும்; எழவும் வேண்டும். பயிற்சியாளர் பெண்ணை எடை போட்டார்; பாட்டி பயிற்சியாளரை எடை போட்டார். இரண்டும் நியாயமான பரீட்சைகள்தாம்.

கண்ணன் பாட்டியிடம் பேசி மனத்தை மாற்றினார். வெறும் வாய்ப் பேச்சோடு நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். மதுரை தல்லாகுளத்தில் இருக்கும் லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடம் கிடைக்கவும், விடுதியில் தங்கவும் வழி செய்தார். 1948-ல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. சக்கிமங்கலத்திலிருந்து தினந்தோறும் பஸ் ஏறி வந்து, பயிற்சி முடித்து, இருட்டுகிற வேளையில் திரும்பிப் போக வேண்டிய சங்கடம் தீர்ந்தது. பாட்டியின் கேள்விகளில் பாதிக்கு அந்த விடுதியே பதில் சொல்லிற்று.

ஒரு பெண்ணை எடை போடும்போது அவளுடைய காலை மட்டும் பார்த்தால் போதாது. பஸ் சத்தம், படுக்க இடம், பசிக்குச் சோறு, வீட்டாரின் நிம்மதி என்று அவள் ஓட்டத்தைத் தடுக்கப் போவது எது என்பதையும் பார்த்து, அதை நீக்கிவிட முடியுமா என்று யோசிக்க வேண்டும். நீக்க முடியாதவர் கண்டுபிடித்தும் பயன் இல்லை.

2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டிகளில் ரேவதி 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வாங்கினார். தொடர் ஓட்டத்தில் மூன்றாவது தங்கம். கல்லூரிப் போட்டிகளிலும் அந்த வருஷத்துத் தேசியப் பயிற்சி முகாமிலும் வெறுங்காலோடு ஓடியதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் காலணியும் மற்றத் தேவைகளும் சரியான சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்கக் கண்ணன் ஏற்பாடு செய்தார்.

இரண்டாவது கண்

2019-ல் ரேவதி இன்னொரு பரீட்சை அதிகாரியின் பார்வைக்குப் போனார். இந்திய 400 மீட்டர் அணியின் பயிற்சியாளராக இருந்த கலினா புகாரினா அம்மையார், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனுக்காகத் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவர். அவர் ரேவதியின் 200 மீட்டர் ஓட்டத்தில் வேறொன்றைக் கண்டார். "நீ 400 மீட்டர் ஓட வேண்டிய பெண்" என்பது அவர் தீர்மானம். ரேவதி பாட்டியாலா முகாமுக்குப் போனார்.

இரண்டு மடங்கு தூரம், அவ்வளவுதானே என்று நமக்குத் தோன்றும். ஓடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்! இருநூறு மீட்டரை ஏறக்குறைய முழு மூச்சில் ஓடிவிடலாம். நானூறில் அந்த ஜம்பம் பலிக்காது. முந்நூறு தாண்டியதும் தொடையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் கனக்கும். முதல் பாதியில் எவ்வளவு செலவழிப்பது, கடைசிக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற கணக்கு வேண்டும். மாதச் சம்பளத்தை முப்பதாம் தேதி வரை இழுத்துப் பறித்து ஓட்டுகிற குடும்பத் தலைவிகளுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மையாரின் கண் தவறவில்லை. அதே வருஷம் இந்திய கிராண்ட் பிரீ போட்டிகள் இரண்டில் ரேவதி 400 மீட்டரில் முதலாவதாக வந்தார். முதல் தடவை 54.44 விநாடி; அடுத்த தடவை 53.63 விநாடி. தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் உத்தியோகமும் கிடைத்தது. ஓட்டம் சோறு போடுமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

டோக்கியோவும் அதற்கு அப்பாலும்

பிறகு கொரோனா வந்தது. மைதானங்கள் பூட்டப்பட்டன. டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. 2021-ல் முழங்கால் காயத்தால் ரேவதி ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் ஓட முடியவில்லை. ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்துக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க அந்த ஜூலை மாதம் பாட்டியாலாவில் ஒரு பரீட்சை ஓட்டம் வைத்தார்கள். காயத்திலிருந்து எழுந்து வந்த ரேவதி 53.55 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அமெரிக்கர்களின் பட்டியலில் மார்க்கு இல்லாத அந்த ஒரு குணம் அன்றைக்குக் கடிகாரத்திலேயே பதிவாயிற்று.

2021 ஜூலை 30-ஆம் தேதி டோக்கியோவில் முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய நால்வரும் ஓடினார்கள். நால்வரில் மூவர் தமிழ்நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. 3 நிமிஷம் 19.93 விநாடியில் முடித்தார்கள். அந்தச் சுற்றில் அவர்களுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை.

"எட்டாவது இடம்தானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. கடிகாரம் சொன்னதை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், சொல்லாததைக் கேட்கவில்லை. மற்ற நாட்டு ஓட்டக்காரர்கள் பலர் குழந்தைப் பருவத்திலிருந்தே பயிற்சிக்குள் இருந்தவர்கள். ரேவதி முறையான பயிற்சிக்கு வந்ததே பள்ளிப் படிப்பு முடிகிற தறுவாயில். ஒலிம்பிக்குக்கு ஐந்து வருஷம் முன்புகூட வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் காலணி ஐந்து வருஷம் முன்பே வந்திருந்தால் 53.55 என்பது எவ்வளவு ஆகியிருக்கும்? எந்தக் கடிகாரமும் அதைச் சொல்லாது.

அந்த மண்டலப் போட்டியன்று கண்ணன் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? ரேவதி அதே வேகத்தில்தான் ஓடியிருப்பார். ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கும். அதைப் பாட்டி தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருப்பார். வைகைக் கரையிலும் மேலூர்ப் பக்கத்திலும் திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் இப்படி எத்தனை தகரப் பெட்டிகளில் எத்தனை சான்றிதழ்கள் இருக்கின்றனவோ!

உங்கள் வீட்டுப் பெண்ணோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ பள்ளி ஆண்டு விழாவில் ஓடிப் பரிசாக ஒரு டிபன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டலாம். அப்போது டப்பாவைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாவட்ட விளையாட்டரங்கில் யார் பயிற்சி கொடுக்கிறார்கள், வேறு பெண்கள் வருகிறார்களா, பத்திரமான இடமா என்று பாட்டி மாதிரியே துருவித் துருவி விசாரியுங்கள். திருப்தியாக இருந்தால் பாட்டி மாதிரியே அனுப்பியும் வையுங்கள்.

வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற கை அது. குழந்தை விஷயத்தில் மட்டும் சோடை போய்விடுமா என்ன?